தாமே தோட்டா அடைப்போருக்கு

பிஸ்டல் போட்டிக்கும் பயிற்சிக்கும் தோட்டாவைத் தாங்களே அடைத்துக்கொள்ளும் அமெரிக்கத் தமிழ் நண்பர்களுக்கு,

இந்த வாரம் எந்தக் கடையில் எது மலிவோ அதை வாங்குகிறீர்கள். அடுத்த மாதம் வேறு கடை, வேறு பொருள். உங்கள் கராஜ் அலமாரியில் மூன்று வகை மருந்து, நான்கு எடையில் குண்டு, ஐந்து நிறுவனங்களின் ப்ரைமர் என்று சேர்ந்திருக்கிறது; எதுவுமே பாதி டப்பாவுக்கு மேல் இல்லை. தள்ளுபடியில் கிடைத்ததென்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வீர்கள். இதைத்தான் சிக்கனம் என்று நம்பி, புதிதாக வருகிறவர்களுக்கும் கற்றுக்கொடுக்கிறீர்கள். இதில் சிக்கனம் இல்லை என்பதை உங்களிடம் நேராகவே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மலிவான தோட்டா என்பது, ஒருமுறை கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பொருள்களை மாற்றாமல் வைத்துக்கொண்டு அடைக்கும் தோட்டா. கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது உங்களுக்கே தெரியும்.

பெரும்பாலானோர் சுடும் 9 மில்லிமீட்டரையே எடுத்துக்கொள்வோம். ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, ப்ரைமர், மருந்து, குண்டு. கூடு பெரும்பாலும் தரையில் பொறுக்கியது, காசில்லை. ஒரு பவுண்டு மருந்தில் 7000 கிரெய்ன். தோட்டாவுக்கு 4 கிரெய்ன் என்று கணக்குக்காக மட்டும் வைத்துக்கொண்டால் (உங்கள் அளவை மருந்து நிறுவனத்தின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும், இந்த மடலில் அல்ல) ஒரு பவுண்டில் 1750 தோட்டா வரும். பவுண்டு 40 டாலர் என்றால் தோட்டாவுக்கு 2.3 சென்ட். ஆயிரம் ப்ரைமர் 70 டாலர் என்றால் ஒன்று 7 சென்ட். பூச்சுப் பூசிய ஈயக் குண்டு ஏறக்குறைய 8 சென்ட். ஆக மொத்தம் 17 சென்ட் சொச்சம். இதில் மருந்தின் பங்கு எவ்வளவு சிறியது பாருங்கள். பவுண்டு 30 டாலர் மருந்துக்கும் 60 டாலர் மருந்துக்கும் தோட்டாவுக்கு வரும் வித்தியாசம் 1.7 சென்ட்தான். நீங்களோ மருந்தில் ஐந்து டாலர் தள்ளுபடிக்காக மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு, குண்டைச் சில்லறையாக ஐந்நூறு ஐந்நூறாக வாங்குகிறீர்கள். கடுகுக்குப் பேரம் பேசிவிட்டு அரிசியைக் கேட்ட விலைக்கு வாங்கும் கதைதான் இது.

அந்த ஐந்து டாலர் தள்ளுபடி உண்மையில் மிச்சமாகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். புது மருந்து வந்தால் புது அளவு. கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும், ஒவ்வொரு படியிலும் சில தோட்டாக்களைக் குரோனோகிராஃப் மேல் சுட வேண்டும், துல்லியம் பார்க்க வேண்டும், ஸ்லைடு சரியாகப் பின்வாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சிக்கனமாகச் செய்தாலும் நூறு தோட்டா போய்விடும். அது 17 டாலர். அதோடு அரை நாள் பொழுதும், ரேஞ்சுக் கட்டணமும். ஐந்து டாலரை மிச்சப்படுத்த இவ்வளவு செலவு. சோதனையே செய்யாமல் அடைத்துச் சுடுகிறவர்களும் உங்களில் உண்டு. அவர்களுக்கு வேறு விதமான செலவு காத்திருக்கிறது. யுஎஸ்பிஎஸ்ஏ போட்டியில் குண்டின் எடையை (கிரெய்னில்) வேகத்தால் (நொடிக்கு அடியில்) பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது பவர் ஃபேக்டர். மைனருக்கு அது 125ஐத் தொட வேண்டும். பெரிய போட்டிகளில் உங்கள் தோட்டாவை வாங்கி அவர்களே சுட்டு அளப்பார்கள். 125க்குக் கீழே போனால் நீங்கள் தொடர்ந்து சுடலாம், மதிப்பெண் கிடையாது. விமானம், விடுதி, நுழைவுக்கட்டணம் எல்லாம் செலவழித்துப் போய், சளைக்காமல் சுட்டுவிட்டு, பட்டியலில் சுழியம் வாங்கி வருவதற்கு மருந்து மாற்றம் ஒன்றே போதும்.

அப்படியானால் எங்கேதான் மிச்சம் பிடிப்பது என்று கேட்பீர்கள். குண்டில். தோட்டாவின் விலையில் ஏறக்குறைய பாதி அங்கேதான் இருக்கிறது. செம்பு உறை போட்ட குண்டு விலை கூடியது, செம்பு முலாம் பூசியது அதற்கு அடுத்தது, பாலிமர் பூச்சுப் பூசிய ஈயக் குண்டு இருப்பதிலேயே மலிவு. பயிற்சிக்கும் போட்டிக்கும் தாள் இலக்கையும் இரும்புத் தகட்டையும் அடிக்கப் பூச்சுக் குண்டே தாராளம். எடையைப் பொறுத்தவரை, 147 கிரெய்ன் குண்டு நொடிக்கு 890 அடி போனால் பவர் ஃபேக்டர் 130.8. கடைத் தோட்டாவில் சாதாரணமாகக் கிடைக்கும் 124 கிரெய்ன், 1150 அடி வேகம் என்றால் 142.6. இந்தப் பன்னிரண்டு புள்ளி வித்தியாசத்தை உங்கள் மணிக்கட்டு உணரும். அடுத்த இலக்குக்குத் துப்பாக்கியின் முன்குறி திரும்பும் விதத்தில் தெரியும். 147இல் ஈயம் அதிகம், அதனால் ஒரு சென்ட் கூடும். அந்த ஒரு சென்டைத் தரலாமா, 124லேயே நிற்கலாமா என்பது உங்கள் முடிவு. முடிவெடுத்தபின் இரண்டாயிரம் மூவாயிரமாக வாங்குங்கள். ஆயிரம் குண்டு (124 கிரெய்ன்) 17.7 பவுண்டு கனம், அதை அனுப்பும் செலவு சில்லறையில் வாங்கினால் குண்டின் விலையையே தின்றுவிடும். இரண்டு விதிவிலக்குகளை மட்டும் மறக்க வேண்டாம். குழலின் முனையில் காம்பென்சேட்டர் உள்ள ஓப்பன் துப்பாக்கிகளில் ஈயமும் பூச்சும் அதன் அறைகளில் படியும், அங்கே உறை போட்ட குண்டே பாடு குறைவு. பழைய தலைமுறை கிளாக்கின் பலகோணக் குழலுக்கு ஈயக் குண்டு வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். பூச்சுக் குண்டு அதில் சேருமா சேராதா என்ற வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. கூடவே இன்னொன்று: கையால் அடைத்த தோட்டாவையே பல துப்பாக்கி நிறுவனங்கள் உத்தரவாதத்துக்கு வெளியே வைத்திருக்கின்றன. தெரிந்தே இறங்குங்கள்.

மருந்துக்கு வருகிறேன், இங்கேதான் எனக்கு உங்கள் மேல் உண்மையான வருத்தம். விலையில் அற்பமான இந்தப் பொருளில்தான் உங்கள் சிக்கனம் எல்லாம் போய் நிற்கிறது. “இந்த மருந்து குறைவாகப் போட்டால் போதும், பவுண்டுக்கு இருநூறு தோட்டா கூடுதல்” என்று சொல்லி, டைட்குரூப் போன்ற அடர்த்தியான, வேகமாக எரியும் மருந்தைப் பழக்கமே இல்லாத புதியவர் கையில் கொடுக்கிறீர்கள். நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் அது கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இரண்டு தடவை விழுந்தாலும் கூடு வழியாது, குண்டும் தடையின்றி உட்காரும், வெளியே இருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தர அமைப்பான சாமி வகுத்துள்ள அழுத்த உச்சவரம்பு 35,000 பிஎஸ்ஐ. இரட்டை மருந்து அந்த வரம்பைக் கேட்டு நிற்காது. பருமனான மருந்து என்றால் இரண்டாம் தடவை விழும்போதே கூடு நிரம்பி வழிந்து உங்களைக் காப்பாற்றும். தோட்டாவுக்கு அரை சென்ட் அதிகம் ஆகும். துப்பாக்கியின் விலையையும் விரல்களையும் தராசின் மறுதட்டில் வைத்துப் பாருங்கள். அனுபவமுள்ளவர் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும். பிரஸ்ஸில் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கைக் காட்டிக் கண்ணால் பார்த்துவிட்டுக் குண்டை வைக்கும் பழக்கம் வராதவருக்கு, மலிவு என்ற பெயரில் அடர்த்தி மருந்தைச் சிபாரிசு செய்யாதீர்கள்.

ப்ரைமரில் நீங்கள் பார்க்கும் சிக்கனமும் இப்படியே தடம் புரள்கிறது. ட்ரிகரை இலேசாக்க ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறீர்கள். அந்தத் துப்பாக்கி ஃபெடரலின் மென்மையான ப்ரைமரை வெடிக்கச் செய்யும், சற்றுக் கடினமான சிசிஐயில் சில வேளை கிளிக்கென்று நின்றுவிடும். ஆயிரத்துக்குப் பத்து டாலர் குறைவென்று வேறு ப்ரைமர் வாங்குகிறீர்கள். தோட்டாவுக்கு ஒரு சென்ட் மிச்சம். ஒரு கிளப் மேட்சில் 150 தோட்டா சுட்டால் ஒன்றரை டாலர். இனி மறுபக்கம். யுஎஸ்பிஎஸ்ஏயில் மதிப்பு என்பது புள்ளியை நேரத்தால் வகுத்தது. 100 புள்ளியை 10 வினாடியில் எடுத்தால் ஹிட் ஃபேக்டர் 10. நடுவில் ஒரு தோட்டா வெடிக்காமல், மேகஸீனைத் தட்டி, ஸ்லைடை இழுத்து, மறுபடி குறி பார்க்க இரண்டரை வினாடி போனால் அது 8. அந்த ஸ்டேஜில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டீர்கள். நியாயமாகச் சொன்னால், வெடிக்காத ப்ரைமர்களில் பல நிறுவனத்தின் பிழையல்ல. குழியின் அடிவரை சரியாக உட்காராததுதான் காரணம், முதல் அடியில் உள்ளே இறங்கி இரண்டாம் அடியில் வெடிக்கும். ஆனால் எது எதன் பிழை என்று கண்டுபிடிக்க வேண்டுமானால்கூட, ஒரே ப்ரைமரில் நிலைத்து நிற்க வேண்டும். மாதம் ஒரு பெட்டி மாற்றுகிறவருக்கு அந்தத் துப்பு கிடைக்கவே கிடைக்காது.

கூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலவசம் என்பதாலேயே அதைச் சரிபார்க்காமல் விடுகிறீர்கள் என்பது மட்டும்தான் குறை. பொறுக்கிய வாளியில் .380 கூடு 9 மில்லிமீட்டரோடு கலந்திருக்கும்; காந்தத்தில் ஒட்டும் இரும்புக் கூடு இருக்கும்; ப்ரைமர் குழியின் விளிம்பை நசுக்கிவைத்த ராணுவக் கூடு இருக்கும்; உள்ளே படிக்கட்டுப் போல விளிம்பு வைத்துக் கொள்ளளவைக் குறைத்த கூடும் இருக்கும். கடைசியாகச் சொன்னது மோசமானது, வெளியே தெரியாது. குண்டு அந்தப் படியில் மோதும், சுவர் பலவீனப்பட்டு அடி பிரியவும் கூடும். அடிப்பாகத்து முத்திரையைப் பார்த்துப் பிரிப்பது சலிப்பான வேலைதான். டிவியில் கிரிக்கெட் ஓடும்போது செய்யலாம், ஆனால் சாப்பாட்டு மேசையில் வேண்டாம்: ப்ரைமர் விட்டுப்போன கரியில் ஈயம் இருக்கிறது, கூட்டை உலர்முறையில் துலக்கும் டம்ளரின் தூசியிலும் இருக்கிறது. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் ஈரமாகக் கழுவும் முறைக்கு மாறிவிடுங்கள்.

உங்கள் மறுப்புகளை நான் அறியாதவன் அல்ல. முதலாவது: “கடையில் 9 மில்லிமீட்டர் இருபத்திரண்டு, இருபத்தைந்து சென்டுக்கே வருகிறது. இவ்வளவு நுணுக்கம் பார்த்து அடைப்பதால் என்ன லாபம்?” நியாயமான கேள்வி. தோட்டாவுக்கு ஆறேழு சென்ட் மிச்சம் என்றால், ஆண்டுக்குப் பத்தாயிரம் சுடுகிறவருக்கு அறுநூறு, எழுநூறு டாலர். நல்ல புரோகிரெஸிவ் பிரஸ்ஸும் அதன் துணைக்கருவிகளும் அதைவிடக் கூடுதல். ஆண்டுக்கு இரண்டாயிரம் மட்டும் சுடுகிறவர் பணத்துக்காக அடைக்கத் தேவையில்லை, கடையிலேயே வாங்கட்டும். இதை ஒளிக்காமல் புதியவரிடம் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. .45 ஏசிபி, .38 சூப்பர் சுடுகிறவர்களுக்குக் கணக்கே வேறு, அங்கே லாபம் பெரியது. 9 மில்லிமீட்டரில் அடைப்பதன் உண்மையான பயன், கடையில் கிடைக்காத மென்மையான, உங்கள் துப்பாக்கிக்கென்றே சரிபார்த்த தோட்டா. அந்தப் பயன் ஒரே கலவையில் நின்றால்தான் வரும். வாரம் ஒரு பொருள் மாற்றுகிறவர், கடைத் தோட்டாவின் சீரையும் இழந்து, சொந்தத் தோட்டாவின் பயனையும் இழந்து நிற்கிறார்.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது: “சாமான் கிடைக்கிற காலத்தில் இதெல்லாம் பேசலாம். தட்டுப்பாடு வந்தால் கிடைத்ததை வைத்துத்தானே அடைக்க வேண்டும்?” தட்டுப்பாடு வரும் என்பது உண்மை. 2008 தேர்தலுக்குப் பிறகு வந்தது, 2012 டிசம்பருக்குப் பின் வந்தது, 2020இல் பெருந்தொற்றோடு வந்தது. அமெரிக்காவில் ப்ரைமர் செய்யும் பெரிய பெயர்கள் நான்கு. அவற்றில் ஃபெடரல், சிசிஐ, ரெமிங்டன் மூன்றும் 2020 முதல் ஒரே உரிமையாளரின் கீழ். தேவை ஏறினால் அவர்கள் செய்யும் ப்ரைமர் முதலில் அவர்களுடைய சொந்தத் தோட்டாவுக்குப் போகும், மிஞ்சுவதே நமக்கு. எனவே 2020இல் அலமாரி காலியானது கடைசி முறையாக இருக்காது. ஆனால் கிடைத்ததை வைத்து அடைப்பது மிக ஆபத்தாவதும் சரியாக அந்தக் காலத்தில்தான். பிஸ்டல் ப்ரைமர் இல்லையென்று ரைஃபிள் ப்ரைமர் வைப்பது, 115 கிரெய்னுக்குப் போட்ட அளவை 147க்குப் போடுவது, குண்டின் வடிவம் மாறியும் ஆழத்தை மாற்றாமல் அமுக்குவது என்று எல்லாம் அப்போதுதான் நடக்கின்றன. குண்டு ஆழமாக இறங்க இறங்க உள்ளே இடம் குறையும், அழுத்தம் ஏறும். பெயர்களும் ஏமாற்றும்: எச்பி-38 பிஸ்டல் மருந்து, எச்380 ரைஃபிள் மருந்து. எச்பி-38உம் வின்செஸ்டர் 231உம் ஒரே மருந்து என்பது சரிதான், அதை ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்லியிருக்கிறது. அதற்காக மற்றவையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கையேட்டில் இல்லாத சேர்க்கைக்கு நண்பர் சொன்ன எண்ணைப் போடுவது, அவருடைய தராசு சரி, அவருடைய நினைவு சரி, அவருடைய குழல் உங்களுடையது போன்றது என்று மூன்றையும் ஒன்றாக நம்புவதாகும்.

தட்டுப்பாட்டுக்கு விடை முன்பே, சாவகாசமான காலத்தில் வாங்கி வைப்பது. எவ்வளவு என்பது ஒரே கலவையில் நிற்கிறவருக்குத் தெரியும்: ஆண்டுக்கு எத்தனை சுடுகிறேன் என்பதைப் பெருக்கினால் போதும். எட்டுப் பவுண்டு ஜாடி ஒன்று, நம் 4 கிரெய்ன் கணக்கில் 14,000 தோட்டாவுக்கு வரும், சில்லறைப் பவுண்டைவிட விலையும் குறைவு. மூன்று வகை மருந்தில் மூன்று அரை டப்பா வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு போட முடியாது. அதனால்தான் செய்தியில் ஒரு வதந்தி வந்ததும் கைக்குக் கிடைத்ததை எல்லாம் அள்ளுகிறார். அள்ளுவதற்கும் எல்லை உண்டு. தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 495 விதி, வீட்டில் 10,000 ப்ரைமருக்கு மேல் வேண்டாம் என்கிறது. மருந்து 20 பவுண்டு வரை மூல ஜாடியிலேயே, அதற்கு மேல் 50 வரை மரப்பெட்டியில். உங்கள் ஊரின் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், தீயணைப்பு நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

கடைசியாக, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். 2020இல் ப்ரைமர் விலை மும்மடங்கு ஏறியபோது, தேவைக்கு மேல் அள்ளி வைத்து, அதையே புதியவர்களிடம் கொள்ளை விலைக்குத் தள்ளியவர்கள் இந்த விளையாட்டில் இருந்தார்கள். அந்தப் பழக்கம் நம் வட்டத்துக்குள் வர வேண்டாம். உங்கள் துப்பாக்கிக்கு ஒரு குண்டு, ஒரு மருந்து, ஒரு ப்ரைமர் என்று இந்தப் பருவம் முடிவதற்குள் தீர்மானியுங்கள். அபாயப் பொருள் கட்டணம் பார்சலுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஆளுக்கொரு பவுண்டு வரவழைக்காமல் கிளப்பில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுங்கள். முழு ஜாடியாகவே பிரித்துக்கொள்ளுங்கள், மருந்தை வேறு டப்பாவில் கொட்டிப் பங்கு போடாதீர்கள். அடைத்த தோட்டாவைக் காசுக்கு விற்காதீர்கள், அதற்குக் கூட்டரசின் தயாரிப்பு உரிமம் வேண்டும். புதிதாக வருபவர் அளவு கேட்டால் எண்ணைச் சொல்லாதீர்கள், கையேட்டைக் கையில் கொடுத்துப் பக்கத்தைக் காட்டுங்கள். ஓர் ஆண்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபின், கடை அலமாரியில் மீதி இருக்கும் ப்ரைமர் பெட்டியை அடுத்து வருபவருக்காக அங்கேயே விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு சுடும் ஒருவன்